காப்புக் கட்டிய வாரத்தில் எடுத்த கணக்கு

முருகன் துணை. நான் பத்தாவது வரை படித்தவன். ரோடு வேலையில் கேங் ஆளாகச் சேர்ந்து, கடைசிச் சில வருடங்கள் வாகனக் கணக்கெடுப்பில் இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது இந்த வேலைக்கு வருகிற தம்பிகளுக்காக எழுதுகிறேன். பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை.

1. மறியல்

அரிமளம் பக்கம் ஒரு ஊர். பெயர் வேண்டாம். ரோட்டுக்கு மேற்கே வீடுகள். கிழக்கே கண்மாய், வயல், ரேஷன் கடை எல்லாம். குவாரி டிப்பர் லாரிகள் அந்த வழியாகத்தான் போகும். டிப்பர் இடித்துப் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றுக்குக் கால் முறிந்த மறுநாள், ஊரே ரோட்டில் உட்கார்ந்துவிட்டது.

"வேகம் முப்பதுன்னு போர்டு வைங்க. அதுவரைக்கும் ஒரு வண்டியும் போகாது" என்றார்கள்.

எங்கள் உதவிப் பொறியாளர், ஏ.இ. சார், சின்ன வயதுக்காரர், நல்ல மனுஷர். "சும்மா ஒரு நம்பர எழுதி வச்சா யாரும் மதிக்க மாட்டாங்க. கணக்குப் போட்டு வைக்கிறேன்" என்று கும்பிட்டுச் சொல்லி எழுப்பினார். அந்தக் கணக்குக்கு ஆள் எண்ணும் வேலை எனக்கு வந்தது.

2. சார் சொன்ன கணக்கு

ஜீப்பில் போகும்போது கேட்டேன். "எதுக்கு சார் கணக்கு? வேகத்தக் கொறச்சா நல்லதுதானே?"

"அப்ப பத்துல போகச் சொல்லிருவோமா மாணிக்கண்ணே?"

"பஸ்ஸு என்னைக்கு சார் புதுக்கோட்டை போய்ச் சேரும்?"

சிரித்தார். "அதான். அறுபதுலருந்து அம்பதுக்கு எறங்குனா எத்தனை பேருக்கு அடி தப்பும், எத்தனை பேருக்கு நேரம் போகும்னு பாக்கணும். அப்புறம் அம்பதுலருந்து நாப்பது. அந்தக் கடைசிப் பத்துக்கு மட்டும் தனியாப் பாக்கணும். தப்புறது பெருசா இருக்குற வரைக்கும் எறங்கிக்கிட்டே வரலாம். போறது பெருசானா அங்கன நின்னுக்கணும். இதுக்குப் பேருதான் மார்ஜினல் காஸ்ட், மார்ஜினல் பெனிஃபிட்."

எங்கள் கடலைக் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சுவது ஞாபகம் வந்தது. முதல் ஒரு மணி நேரத் தண்ணீர் பயிரைக் காப்பாற்றும். இரண்டாவது மணி நேரமும் உதவும். நாலாவது மணி நேரத் தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு ஓடும், கரண்டுதான் வீண். எங்கே மோட்டாரை நிறுத்துவது என்பதுதான் சாரின் கணக்கும். இன்றும் சொல்கிறேன், அது நியாயமான கணக்கு. அதில் நான் போட்டுக்கொடுத்த எண்தான் நியாயமில்லாதது.

3. நான் எண்ணியது

ரோட்டுக்கு மேற்கே, ஊர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, காலை ஆறு முதல் மாலை ஆறு வரை மூன்று நாள் உட்கார்ந்தேன். வண்டிக்கு ஒரு தாள், ரோட்டைக் கடக்கும் ஆளுக்கு ஒரு தாள். நாலு கோடு கிழித்து, ஐந்தாவதைக் குறுக்கே இழுப்போம்.

ஊரில் அப்போது மாரியம்மன் திருவிழா. காப்புக் கட்டி இரண்டு நாள் ஆகியிருந்தது. வீட்டுக்கு ஒருவர் இருவர் கையில் மஞ்சள் கயிறு. காப்புக் கட்டியவர்கள் எல்லை தாண்டக் கூடாது. அந்த ஊருக்கு ரோடுதான் எல்லை. அந்த வாரம் வயல் வேலையும் நூறு நாள் வேலையும் கிடையாது.

மரத்தை ஒட்டிய முதல் வீடு பாக்கியம் என்கிற அம்மாவுடையது. அவர் கையிலும் காப்பு இருந்தது. தினமும் பதினோரு மணிக்கு எனக்கு மோர் கொண்டுவருவார்.

"என்னண்ணே, காக்காய எண்ணுறியளா? தாளு வெள்ளையாவே கெடக்கு" என்று கேலி செய்தார்.

"ஆளே வரலையேம்மா."

"ஆத்தாளுக்குக் காப்புக் கட்டியிருக்குல்ல. தேர் முடியட்டும், பாருங்க. இந்த ஊரே அங்கிட்டுத்தான் கெடக்கும்."

நானும் செவ்வாய், வெள்ளி விரதம் இருக்கிறவன். இந்தக் காலத்திலும் கட்டுப்பாட்டை விடாமல் இருக்கிறார்களே என்று மனம் நிறைந்து கும்பிட்டேன். கும்பிட்டவன், அந்தத் தாளின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. சாமி காரியம் வேறு, ஆபீஸ் காரியம் வேறு என்று நினைத்துவிட்டேன்.

கடக்கிறவர்கள் சொற்பம். டிப்பர்களோ குறைவில்லாமல் ஓடின. கணக்கு ஐம்பதில் நின்றுவிட்டது. நாற்பதுக்கு இறங்கினால் தப்புகிற ஆளைவிடப் போகிற நேரம் பெரிது என்று வந்தது. ஐம்பது என்று போர்டு வைத்தோம். குழி தோண்டியதும் நான்தான்.

4. அதன்பிறகு

இரண்டு மாதம் கழித்து, காலை எட்டரை மணி. நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியும் தூக்குவாளியுமாகக் கடந்த கூட்டத்தில் கடைசியாகப் போனவர் பாக்கியம். டிப்பர் அடித்து அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

டிரைவர் ஓடவில்லை. "சத்தியமா அம்பதுக்குள்ளதாங்க வந்தேன்" என்று அழுதுகொண்டே நின்றான். விசாரித்ததில் அவன் சொன்னது உண்மை.

அன்றைக்கே சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்தப் பழைய தாளை எடுத்து விரித்தார். "ஏண்ணே அப்பவே சொல்லல? ஒரு வார்த்தை போதுமே. பத்து நா கழிச்சு எண்ணியிருப்போமே, நாப்பதுக்கு எறங்கியிருக்குமே" என்றார். பிறகு, "நானும் கேக்கலையே. தாளத்தானே பாத்தேன்" என்றார்.

மறுபடி எண்ண அனுமதி கேட்டு எழுதினார். பதில் வருமுன்னே அவருக்கு மாறுதல் வந்துவிட்டது. அடுத்து வந்தவரிடம் நானே தாளைக் கொண்டுபோய் நின்றேன்.

"ஒரு ஆக்சிடென்ட்டுக்கு ஒரு போர்ட மாத்துனா ஜில்லா பூரா மாத்தணும்யா. அடுத்த ரிவ்யூல பாப்போம்."

"எண்ணுனது தப்பு சார். எண்ணுனவன் நானே சொல்றேன்."

"கையெழுத்து ஒன்னோடதுதானே? அப்பறம் என்ன?"

அந்த ரிவ்யூ வருமுன் நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.

5. ராசு வீட்டில்

ஓய்வு பெற்ற மறுவாரம் பாக்கியத்தின் வீட்டுக்காரர் ராசுவைப் பார்க்கப் போனேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் போனேன். காப்பு நாளில் எண்ணியதை, ஆபீஸில் அதைச் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"நீங்க வண்டியத்தான் எண்ணுறீங்கன்னுல்ல நெனச்சோம்" என்றார். "எங்களையும் எண்ணுறீங்கன்னு தெரியாதே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, காப்பு அவுத்த மறுநா வாங்கன்னு நாங்களே சொல்லியிருப்போமேண்ணே. அவளே சொல்லியிருப்பா."

மோர் கொண்டுவந்தபோதே பாக்கியம் அதைச் சொல்லிவிட்டார் என்பதை ராசுவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

தம்பிகளே, நான் கற்றது இவ்வளவுதான். நாற்காலியைப் போடுமுன் ஊருக்குள் போங்கள். எதை எண்ண வந்திருக்கிறோம், எதற்காக என்று சொல்லுங்கள். இது வழக்கமான வாரம்தானா என்று கேளுங்கள். சொல்வதைத் தாளில் எழுதுங்கள். கட்டம் இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதுங்கள். நீங்கள் கிழிக்கும் ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் ஒரு ஆள் நடந்துபோகிறார்.

கிருத்திகைக்கு விராலிமலைப் படியேறுகிறேன். முருகனிடம் மன்னிப்புக் கேட்க வாய் எழவில்லை. அந்தப் போர்டில் நாற்பது என்று மாற்றிக் கொடு என்று மட்டும்தான் கேட்கிறேன். போன வாரம்கூட அந்த வழியாகப் பஸ்ஸில் போனேன். இன்னும் ஐம்பதுதான்.