விரலுக்கு லீவு

இ-சேவை மையத்தில் உட்காருகிறவர்களுக்குப் பொறுமை வேண்டும், உரத்த குரல் வேண்டும். எனக்குப் பொறுமை மட்டும்தான் இருந்தது.

நான் படித்தது எட்டாவது வரைக்கும். மரக்காணம் மெயின் ரோட்டில் இருக்கிற எங்கள் மையத்தில் கம்ப்யூட்டரைத் தட்டுவது ஓனரக்கா. வருகிறவர்களை உட்கார வைத்து, என்ன வேலையாக வந்தார்கள் என்று கேட்டு, எந்தெந்தக் காகிதம் வேண்டும் என்று சொல்வது நான். காலையில் மகளை அங்கன்வாடியில் விட்டுவிட்டு அப்படியே வந்துவிடுவேன். வருகிறவர்களில் பாதிப் பேர் வயசானவர்கள். அவர்கள் கேட்பது அரசு காப்பீட்டு அட்டை. நீங்களும் ஒரு கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை காய்ந்தவர் என்றால், நான் எழுதப்போவது எதுவும் உங்களுக்குப் புதுசு இல்லை. கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம்.

ரகசியமாகச் சொன்ன கார்டு

சேர்ந்த புதிதில் எனக்கு யாருடைய முகத்தையும் பார்த்துப் பேச வராது. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரிடமே, குழம்பு போதுமா என்று சுவரைப் பார்த்துத்தான் கேட்பேன். அப்படிப்பட்டவளிடம் வந்து மாட்டினாங்க அஞ்சலை பெரியம்மா. எங்களுக்கு அடுத்த தெரு. உப்பளத்தில் கூடை சுமக்கிறவங்க. வலது காது சுத்தமாகக் கேட்காது.

ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றும் கொண்டு வந்தால் குடும்பத்துக்குக் காப்பீடு போடலாம், பெரிய ஆபரேஷன் என்று வந்தால் பட்டியலில் இருக்கிற ஆஸ்பத்திரியில் அஞ்சு லட்சம் வரைக்கும் நாம் காசு கட்ட வேண்டாம் என்று மேஜையைப் பார்த்தபடியே சொன்னேன். பெரியம்மா இடது காதை என் பக்கம் திருப்பி, மேஜை மேல் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்டாங்க. நான் முடித்ததும் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, அவங்களும் குரலைத் தாழ்த்திக்கொண்டாங்க.

“ஏம்மா, இம்மாம் ரகசியமா சொல்றியே, இது கவுர்மெண்ட்டு கார்டுதான, இல்ல திருட்டுக் கார்டா?”

மழைக்கு வராத பணம்

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. அந்த மாதங்களுக்கென்று அரசாங்கம் உப்பளத் தொழிலாளிகள் கணக்கில் ஒரு உதவிப் பணம் போடும். அது ஏறின மறுநாள் அஞ்சலை பெரியம்மா பேங்க் பாஸ்புக்கோடு வந்துவிட்டாங்க. மழைப் பணம் ஏறிவிட்டதாம். கார்டுப் பணம் அஞ்சு லட்சம் மட்டும் இன்னும் ஏறவில்லையாம். ஒழுகுற கூரைக்கு ஆள்கூடச் சொல்லி வைத்திருந்தாங்க.

அது கையில் வருகிற பணம் இல்லை, ஆஸ்பத்திரிக்கு அரசாங்கம் கொடுப்பது, அவ்வளவு வரைக்கும் செலவானால் பார்த்துக்கொள்வார்கள், அதுவும் பெட்டில் படுத்துப் பார்க்கிற வைத்தியத்துக்கு, சளி காய்ச்சலுக்குக் கிடையாது என்று பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டே விளக்கினேன். அப்படியென்றால் நல்லா இருக்கிறவங்களுக்கு அதில் நஷ்டம்தானே என்றாங்க. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். பேச்சை மாற்றி, பெரியப்பாவை எப்போது கூட்டி வருவீங்க என்று கேட்டேன். வீட்டுக்கு ஒரே காப்பீடுதான் என்றாலும் ஒவ்வொரு ஆளும் நேரில் வந்து கைரேகை வைத்துப் பதிய வேண்டும். பெரியம்மா அவங்க பங்குக்கு வைத்துவிட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் கன்னியப்பன் பெரியப்பா மட்டும் இன்றைக்கு நாளைக்கு என்று வராமலே இருந்தார்.

“அவரு எதுக்கும்மா வரணும்? எம் பேர்ல கார்டு இருக்குது, அவரு எங்கூடத்தான இருக்காரு.”

ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்

பொங்கல் கழிந்து உப்புப் பாத்தி வேலை ஆரம்பித்த சமயம், நடேசன் ஐயா அடிக்கடி வர ஆரம்பித்தார். சின்னதாக ஒரு உப்பு அளம் வைத்து நடத்துகிறவர். கன்னியப்பன் பெரியப்பா அவரிடம்தான் வேலை. எழுபது தாண்டியவர், வண்டியை இன்னும் அவரே ஓட்டுவார். வந்து ஆதாரை நீட்டி ஒரு ஜெராக்ஸ் எடுப்பார். காப்பீட்டுக்கு நிற்கிற கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். போய்விடுவார். மறுபடி ஒரு நாள் வந்து அதே ஆதாருக்கு இன்னொரு ஜெராக்ஸ்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். குடும்பக் காப்பீட்டுக்குத்தான் வருமானம் பார்ப்பார்கள், எழுபது ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காத அட்டை ஒன்று தனியாக இருக்கிறது, ஆதாரில் வயசு இருந்தால் போதும் என்றேன். அவர் ஜெராக்ஸை மடித்துக்கொண்டு போய்விட்டார். கூட்டம் கலைந்த பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தார். போனுக்கு ஓடிபி நம்பர் வந்தது, சொன்னார், வேலை முடிந்தது. முதல் தடவையாக என்னைவிட மெதுவாகப் பேசுகிற ஒருவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“கார்டைக் கவர்ல போட்டுக் குடும்மா. எங்கிட்ட வேலை செய்றவங்க பார்த்தா மொதலாளிக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிடுவாங்க.”

மெஷினுக்குத் தெரியாத கை

நல்ல வெயில் காலம், உப்பு வாருகிற நாட்கள். ஒரு நாள் அஞ்சலை பெரியம்மா கன்னியப்பன் பெரியப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாங்க. அவருக்குப் பாத்தியிலேயே நெஞ்சு வலி வந்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறது, வளையம் வைக்க வேண்டும், மாத்திரை கொடுத்து இப்போதைக்குச் சமாளிக்கலாம், ஆனால் தள்ளிப்போடாதீங்க, பாரம் தூக்காதீங்க என்று சொல்லி, வளையம் வைக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். பெரியம்மா தன் கார்டை எடுத்துக்கொண்டு அங்கே போயிருக்காங்க. அதில் பெரியப்பா பதியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஓனரக்கா அவர் விரலை மெஷினில் வைத்தாங்க. கட்டை விரல், ஆள்காட்டி விரல், இடது கை, வலது கை, எல்லாவற்றுக்கும் சிவப்பு. உப்புத் தண்ணீரிலேயே கிடந்த கை, ரேகை தேய்ந்து கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. கண்ணைக் காட்டினோம், ரெண்டு கண்ணிலும் புரை. போனுக்கு வருகிற நம்பரை வைத்துச் செய்யலாம் என்றால், ஆதாரில் இருக்கிற சிம் எப்போதோ செத்துப்போனது. அதை மாற்றவும் கைரேகை வேண்டும். முகத்தைக் காட்டினால், ஆதார் எடுத்தபோது இருந்த பல்லும் முடியும் இப்போது இல்லை, அதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாங்க. பெரியப்பா மட்டும் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“விடும்மா. இது உப்பு தின்ன கை. அதுல எம் பேரு இன்னும் இருக்கும்னு நீ நெனச்சதுதான் தப்பு.”

லீவு

அவர்கள் எழுந்துவிட்டார்கள். எனக்கு ரேஷன் கடை ஞாபகம் வந்தது. அங்கேயும் விரல் வைத்தால்தான் அரிசி. பெரியப்பாவுக்கு அங்கே விரல் விழுகிறதா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். மழைக்காலத்தில் விழும், வெயில் காலத்தில் விழாது, அப்போது தான்தான் போவேன் என்றாங்க. எங்கள் தெருவிலும் அப்படித்தான். உப்புத் தண்ணீரில் கை படாத மாதங்களில் ரேகை திரும்ப வந்துவிடுகிறது.

அப்படியென்றால் இப்போதே கையை நிறுத்தினால் என்ன? ரெண்டு மூணு வாரம் தண்ணீரில் கை வைக்காமல் இருங்க, ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவுங்க, மறுபடி பார்ப்போம் என்று சொன்னேன். பெரியப்பா யோசித்தார். உப்பு வாருகிற சமயத்தில் வரப்பை விட்டுப் போனால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுமே என்று பயம். வலி வந்த மறுநாளே, டாக்டர் சொன்னதைக் காதில் வாங்காமல் உப்பு வாருகிற பலகையைத் தூக்கிக்கொண்டு போனவர்தான் அவர். ஆனால் ஒரு விரலால்தான் எல்லாம் நிற்கிறது என்றதும் சரி என்று தலையாட்டினார். அன்றைக்கும் நடேசன் ஐயா ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

“நெஞ்சுக்கு லீவு எடுன்னு டாக்டர் சொன்னா கேக்கல, வெரலுக்கு லீவுன்னதும் கேக்குறான் பாரு. போடா கன்னியப்பா, பாத்தி எங்கயும் ஓடிடாது.”

நாக்கில் வைத்தது

தினமும் மகளை அங்கன்வாடியில் விடப் போகிற வழியில் பெரியப்பா வீட்டில் எட்டிப் பார்ப்பேன். விரலை நீட்டுவார். நான் பார்ப்பேன். என் மகளும் எம்பி நின்று பார்த்துவிட்டு, டாக்டர் மாதிரி தலையை ஆட்டுவாள். கோடு கோடாக ஏதோ தெரிகிற மாதிரி இருக்கும். அது எண்ணெய்ப் பளபளப்பா, ரேகையா என்று எங்கள் ரெண்டு பேருக்குமே தெரியாது. பாத்திரம் கழுவக்கூட அவரை விடுவதில்லை என்று பெரியம்மா புலம்புவாங்க, கல்யாணம் ஆனதிலிருந்து அவர் ஒரு டம்ளர்கூடக் கழுவினதில்லை என்பது தெருவுக்கே தெரியும்.

ஒரு நாள் நான் போனபோது வீட்டில் சண்டை. சும்மா காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று சாயந்திரம் அளத்துப் பக்கம் போயிருக்கிறார். தண்ணீர் பதம் வந்ததா என்று ஆள்காட்டி விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பது அவருக்குப் பழக்கம். பாத்தியைப் பார்த்ததும் விரல் தானாகப் போய்விட்டது. ஒரு பாத்தியோடு நிற்கவில்லை, வரிசையாக எல்லாப் பாத்தியையும் பார்த்திருக்கிறார். நகத்தோரம் வெள்ளை படிந்திருந்ததைப் பார்த்து பெரியம்மா கண்டுபிடித்துவிட்டாங்க. அவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்க, அவங்க அவர் கையில் துணிப்பையை மாட்டி மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுக்கொண்டே திட்டினாங்க.

“அளத்துல வேற யாருக்கும் நாக்கே இல்லியா? உன் நாக்குல வெச்சாத்தான் உப்பு வெளையுமா?”

எட்டாவது விரல்

மறுபடி மெஷின் முன்னால் உட்கார்ந்த அன்றைக்கு, வரிசையில் நின்றவர்கள் தங்கள் வேலையை மறந்துவிட்டார்கள். தெருவுக்கே அந்த விரலின் கதை தெரியும். பெரியப்பா முதல் நாள் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, மாத்திரை போட்டும் படி ஏறினால் மூச்சு வாங்கியது. இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

வலது கட்டை விரல் வைத்தார். சிவப்பு. பாத்தியில் விட்ட ஆள்காட்டி விரல், அதுவும் சிவப்பு. வலது கை முழுதும் முடிந்தது. இடது கட்டை விரலும் அடுத்ததும் போயின. பெரியம்மா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாங்க. ஓனரக்கா மெஷினைத் துணியால் துடைத்துவிட்டு, நடு விரலைத் தாண்டி இடது மோதிர விரலைப் பிடித்து அழுத்தி வைத்தாங்க. பச்சை வந்தது. பின்னால் யாரோ கை தட்டினார்கள். பெரியப்பா அந்த விரலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“எல்லாத்துலயும் சோம்பேறி வெரலு இது. ஒரு வேலை செஞ்சதில்ல. கடைசியில இதுக்குத்தான் கவுர்மெண்ட்டுல மதிப்பு.”

போனில் கேட்ட சத்தம்

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே பெரியம்மாவிடம் சொல்லியிருந்தேன், பில் கட்டுகிற கவுன்ட்டருக்குப் போகாதீங்க, காப்பீட்டுக்கென்று தனியாக ஒரு டேபிள் இருக்கும், அங்கே போங்க என்று. கேட்காத வலது காது பக்கம் நின்று, வழக்கம்போல மெதுவாகச் சொல்லியிருக்கிறேன்.

மத்தியானம் போன் வந்தது. பெரியம்மா அழுதுகொண்டே பேசினாங்க. முன்பணம் கட்டினால்தான் பெட் என்று கவுன்ட்டரில் சொல்கிறார்களாம், காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுக்கட்டுமா என்றாங்க. நான் பதில் சொன்னேன், அவங்களுக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். தோட்டைக் கழற்றுகிறேன் என்றாங்க. எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எழுந்து நின்று கத்தினேன், தோட்டைக் கழட்டாதீங்க, காப்பீட்டு டேபிள் எங்கன்னு கேளுங்க, கேட்டுட்டு நேரா அங்க போங்க என்று. எதிர்க்கடையில் டீ ஆற்றுகிறவர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஓனரக்கா நாற்காலியோடு திரும்பிட்டாங்க. போன் கட்டாகிவிட்டது.

அன்றைக்கு முழுக்க போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். மறுநாள் சாயந்திரம் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது மறுபடி பெரியம்மா போன் செய்தாங்க. வளையம் வைத்தாயிற்று, நல்லா இருக்கார், உப்பில்லாத கஞ்சி கொடுக்கிறார்கள் என்று நர்ஸிடம் சண்டை போடுகிறார் என்று சொல்லிவிட்டுச் சிரிச்சாங்க.

“நீ கத்துன கத்துல இங்க வரிசையில நின்னவங்க எல்லாம் வழி விட்டுட்டாங்க. அப்பதான் எனக்கே நிச்சயமாச்சு, இது திருட்டுக் கார்டு இல்லன்னு.”

இப்போது கன்னியப்பன் பெரியப்பா வரப்பில் குடையோடு உட்கார்ந்து மற்றவர்களுடைய நாக்கை வைத்தே பதம் பார்க்கிறார், நான் கவுன்ட்டரில் உட்கார்ந்து எதிர்க்கடை வரைக்கும் கேட்கப் பேசுகிறேன், ஆக அந்த ஒரு கார்டில் ரெண்டு பேருக்கு அடைப்பு நீங்கியது, பதிந்தது என்னவோ ஒருத்தர் பேரில்தான்.