கன்னடத்தில் பேசிக்கொண்டோம்

பொய் எழுதினேன். என் தம்பிக்கு எதுவும் புரியாது என்று அரசாங்கப் படிவத்தில், முத்து முத்தான கையெழுத்தில், எழுதிக் கொடுத்தேன். பொய் சொல்லும் பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிற ஆசிரியை நான்!

வின்சென்டுக்கு முப்பத்தாறு வயது. டவுன் சிண்ட்ரோம். அவனும் நானும் அம்மாவும் காக்ஸ் டவுனில், அம்மா பெயரில் இருக்கும் வீட்டில் வாழ்கிறோம். அம்மாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. அவருக்குப் பிறகு இவனுக்கு யார் என்ற கேள்வி வந்தபோது, சட்டப்படி நானே காப்பாளராவது என்று முடிவாயிற்று.

ஏன் அப்படி எழுதினேன்? அவனுக்கு ஒன்றும் தெரியாது என்றால் முழு அதிகாரமும் என் கைக்கு வரும் என்று நினைத்தேன். பிற்பாடு வீட்டை விற்கலாம்... அவனை நல்ல ஹாஸ்டலில் சேர்க்கலாம்... நானும் கொஞ்சம் மூச்சு விடலாம். மூச்சு விட ஆசைப்பட்டது குற்றமா? தெரியவில்லை. ஆனால் அதற்காக அவனுடைய அறிவையே இல்லையென்று எழுதினேனே, அது குற்றம்.

இதையெல்லாம் அவன் எதிரிலேயே பேசினோம். கன்னடத்தில்! ஊர் மொழி கன்னடம் என்றாலும் வீட்டில் பேசுவது தமிழ்தான். வின்சென்டுக்குத் தெரியக் கூடாதது எதுவானாலும் நானும் அம்மாவும் சட்டென்று கன்னடத்துக்குத் தாவிவிடுவோம். இருபது வருடப் பழக்கம். அவன் பாட்டுக்குச் சோறு பிசைந்துகொண்டிருப்பான். எவ்வளவு புத்திசாலிகள் நாங்கள்...

காப்பாளர் மனு மீதான விசாரணை நாள் வந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த பெண் அதிகாரி நான் எழுதியதைப் படித்தார். பிறகு என்னை விட்டுவிட்டு அவனைப் பார்த்து, உன்னை யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டார். அவனுக்குக் கன்னடம் வராது என்று நான் வாயெடுப்பதற்குள் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“அக்கனே இர்லி மேடம். ஆத்ரெ மனெ மாரோது பேடா. நானு ஹாஸ்டல்கெ ஹோகல்லா.”

அக்காவே இருக்கட்டும். ஆனால் வீட்டை விற்க வேண்டாம். ஹாஸ்டலுக்குப் போகமாட்டேன். என்ன தெளிவு! தினமும் சாயங்காலம் தெருமுனை பேக்கரியில் போய் உட்கார்ந்திருப்பானே, அங்கே காதில் வாங்கிய கன்னடம். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதிகாரி படிவத்தை என் பக்கம் திருப்பி, இதை எழுதியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். வெட்கத்தில் முகம் எரிந்தது. கூடவே... நம்புவீர்களா? கைதட்ட வேண்டும்போல் இருந்தது! எல்லோர் முன்னாலும் என்னைத் தோற்கடித்துவிட்டான் என் தம்பி. அன்றைக்குப் பட்ட பெருமையை அதற்குமுன் நான் பட்டதேயில்லை.

படிவத்தைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். அவனைக் கேட்காமல் எதையும் செய்யக் கூடாது என்ற கண்டிப்போடு என்னைக் காப்பாளராக்கினார்கள். அம்மா வீட்டை அவனுக்காக ஒரு டிரஸ்டில் வைத்துவிட்டார். அவன் இருக்கும்வரை யாரும் அதை விற்க முடியாது. பத்திரத்தில் அவன் கையெழுத்துத் தேவையில்லை என்றார் வக்கீல். வின்சென்ட் கேட்டால்தானே? பேனாவைப் பிடுங்கி, பக்கத்துக்குப் பக்கம் போட்டான்!

அவன் ஜெயித்தான். எனக்கும் சந்தோஷம்தான், பொய்யில்லை.

ஆனால் உங்களிடம் இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவுக்கு முன்னால் இவன் போய்விட்டால் தேவலை என்று ஒருநாள் நான் கன்னடத்தில் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தான். அதையும் கேட்டிருப்பான்...

கேட்டிருந்தும், யார் வேண்டும் என்றபோது என்னைத்தான் சொன்னான்.