ஊத்து என்று ஒரு பெயர்

என் கையெழுத்து மலைச்சரிவு போல ஒரு பக்கமாகச் சாயும். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பதும் சரியாகத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பொறுத்துப் படியுங்கள்.

கொடைக்கானலில் வீட்டுக்கு வரைபடம் போடும் சிறிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நிலம் அளக்கும்போது டேப் பிடிப்பேன், படங்களைப் பிரிண்ட் எடுப்பேன். இன்ஜினியர் சார் கற்றுக்கொடுத்த இன்னொரு வேலை ஃபைலைக் கழுவுவது. நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஒரு வீட்டுப் படத்தை நகலெடுத்து அதிலேயே அடுத்த வீட்டை வரைவதால், பழைய வீடுகளின் கதவு, கட்டில், மரம் எல்லாம் படத்தில் தெரியாமல் ஃபைலுக்குள் கிடக்கும். கழுவச் சொன்னால் கம்ப்யூட்டர் அவற்றை ஒவ்வொரு பெயராகக் காட்டி, நீக்கட்டுமா என்று கேட்கும். ஆம் என்று அழுத்த வேண்டும்.

அன்று மன்னவனூரிலிருந்து பூண்டு போடும் அக்கா ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய வீட்டுப் படத்தை அனுமதிக்காக இணையத்தில் ஏற்ற மாலை ஐந்து மணிதான் கடைசி. தவறினால் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். சார் கூக்காலுக்கு நிலம் பார்க்கப் போயிருந்தார். படம் தயார். ஆனால் ஃபைல் பெரிது என்று இணையத்தளம் திருப்பிவிட்டது. மணி நாலேகால்.

"என்ன தம்பி, ஏத்தத்துல நிக்கிற பஸ்ஸு மாதிரி நின்னு கெடக்கு?"

"கனம் சாஸ்திக்கா. கொஞ்சம் எறக்கணும்."

"வெரசா எறக்குங்க. எனக்குக் கடைசி பஸ் அஞ்சரைக்கு."

கழுவத் தொடங்கினேன். ஆம், ஆம் என்று விரல் தானாக அழுத்தியது. எனக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். ஓ, ஓ, டி, ஹெச், யு. ஊத்து. கூட்டி முடிப்பதற்குள் விரல் அதையும் நீக்கிவிட்டது.

கை நின்றது. அக்காவின் நிலத்தை அளந்தபோது, சரிவில் பெரணிச் செடிகளுக்கு அடியில் ஊற்று ஒன்றைப் பார்த்தேன். சார் போனில் பேசிக்கொண்டிருந்ததால் அவரிடம் சொல்லவில்லை. அலுவலகத்தில் படம் வரையும் பெண்ணிடம் சொன்னேன். அவர் ஒரு வட்டம் வரைந்து, தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்தார். மறுநாளே பிரசவ விடுப்பில் போய்விட்டார். வட்டத்தைப் படத்தில் வைக்கவே இல்லை. அதனால்தான் அது வேண்டாத பெயர்களோடு வந்திருக்கிறது.

படத்தைத் திறந்து பார்த்தேன். ஊற்று இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அதற்கு நேர் மேலே, சரிவின் மேட்டில் கக்கூஸ் குழி.

நீக்கியதைத் திரும்பக் கொண்டுவந்தேன். சாருக்கு நாலு தடவை போன் போட்டேன். சிக்னல் இல்லை. மணி நாலு நாற்பது. கழுவி ஏற்றிவிட்டால் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை.

"அக்கா, கீழ ஊத்து இருக்குல்ல. அதுல இன்னும் தண்ணி எடுக்கிறீங்களா?"

"எடுக்காம? நாலு வீட்டுக்கும் அதான். ஏன்?"

"கக்கூஸ் குழி அதுக்கு நேர் மேல வருது."

அவர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். "அப்ப நகத்துங்க."

"நான் வரையிற ஆளு இல்லைக்கா. டேப்புதான் பிடிச்சேன்."

"பாத்த ஆளு அன்னிக்கே சத்தமாச் சொல்லிருக்கலாம்ல?"

அவர் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நாலு ஐம்பதுக்குப் பையை எடுத்தார்.

"ஏத்தாதீங்க. மறுபடி எழுதிப் போட்டுக்கிடுறேன். அந்த நாலு வீட்டு மொகத்துலயும் நான்தான் முழிக்கணும்."

ஆறு மணிக்கு வந்த சார், ஏன் ஏற்றவில்லை என்று கத்தினார். பிறகு படத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். "எங்கய்யா இருக்கு ஊத்து?"

"மூலைக் கல்லுல இருந்து கீழ பதினெட்டு அடி சார்."

"நீயே வை."

அந்த வட்டத்தை என் கையால் வைத்தேன். சார் குழியை வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்றினார். அக்காவுக்கு அனுமதி வருவதற்குள் மழை தொடங்கிவிட்டது. இன்னும் அஸ்திவாரம் தோண்டவில்லை. நேற்று மார்க்கெட்டில் பார்த்தபோது, "ஊத்து தம்பி" என்று கூப்பிட்டார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

எழுதியது ஐப்பசி பதினொன்றாம் தேதி.