மதில் பொந்தில் வைத்த டப்பா

ஸ்ரீவராகத்துப் பட்டாபியைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொல்ல ஆள் கிடைக்காது. நிறைவாகச் சொல்லவும் பெரிதாக ஒன்றும் இல்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஆயுசெல்லாம் குப்பை கொட்டிவிட்டு ரிடயர் ஆன மனிதர். குழந்தை குட்டி கிடையாது. மனைவி சூடாமணி உண்டு, அவள் கலக்கும் காபி உண்டு, சாயங்காலம் குளக்கரையில் ஒரு நடை உண்டு. அதோடு சும்மா கிடந்திருக்கலாம். கிடந்தாரா? அறுபது வயசுக்கு மேல் ஒரு விளையாட்டைப் பிடித்துக்கொண்டார்.

கோவளம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு வெள்ளைக்காரர் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன வினை அது. ஜியோகேஷிங் என்று பெயர். நீங்கள் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்து வைத்துவிட்டு, இடத்தை இன்டர்நெட்டில் குறித்துவிட வேண்டும். முன்பின் தெரியாத யாரோ போனைப் பார்த்துக்கொண்டே தேடி வருவார். கண்டுபிடித்தால் உள்ளே இருக்கும் காகிதச் சுருளில் பெயரை எழுதி, ஆசைப்பட்டால் ஏதாவது சின்னச் சாமானை ஞாபகத்துக்குப் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார். அவ்வளவுதான் விளையாட்டு.

"இதில என்ன லாபம்?" என்று சூடாமணி கேட்டாள்.

"லாபம் ஒண்ணுமில்லை."

"அப்போ பாதகமில்லை," என்று அவள் விட்டுவிட்டாள். பாவம், அங்கேதான் ஏமாந்தாள்.

லாபம் இல்லை என்று அவர் சொன்னது முழு நிஜமும் அல்ல. எங்கோ நார்வேயிலிருந்து வந்த ஒருத்தி "உங்கள் டப்பாவைக் கண்டுபிடித்தேன், நன்றி" என்று எழுதினால் அதை அவர் மனைவிக்கு மூன்று தடவை படித்துக் காட்டுவார். ஆபீஸில் அவருக்கு நன்றி சொன்னவர் ஒருவரும் இல்லை. ரிடயர் ஆன அன்று கூட ஒரு சால்வையைப் போர்த்திவிட்டு எல்லோரும் பிரியாணி சாப்பிடப் போய்விட்டார்கள்.

ஆனால் டப்பாக்கள் தங்கவில்லை. வித்துராவுக்கு அப்பால் பொன்முடி ரோட்டில் மரப்பொந்தில் வைத்ததைக் குரங்கு பிடுங்கிப் பல் பதித்துப் போட்டிருந்தது. ஆரியசாலையில் ஒரு கோடவுனுக்குப் பின்னால் வைத்தது நல்ல சோற்று டப்பா. எவனோ காகிதத்தைக் கொட்டிவிட்டு டப்பாவை மட்டும் கொண்டுபோய்விட்டான். பார்க்கில் வைத்ததைக் கல்லால் அடித்துச் சில்லுச் சில்லாக நொறுக்கியிருந்தார்கள். திருடினால்கூட ஒரு நியாயம் இருக்கிறது, உடைத்து என்ன கண்டார்கள் என்று பட்டாபி புலம்பினார். போலீஸில் சொல்ல முடியுமா? என்ன போச்சு என்று கேட்டால், ஒளித்து வைத்த காலி டப்பா என்றா சொல்வது?

அப்புறம்தான் அந்த மகா யோசனை உதித்தது. நம் தெருவிலேயே வைத்தால் யார் தொடப் போகிறார்கள்? அடுத்த வீட்டு லலிதாம்பாளின் பின் மதில் சந்துப் பக்கம் இருக்கிறது. பழைய வெட்டுக்கல் மதில். அதில் கை நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து. கறுப்பு டேப் சுற்றிய சின்ன டப்பாவை அதற்குள் செருகினார். லலிதாம்பாளிடம் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் விளக்க வேண்டும், விளக்கினால் சிரிப்பாள். முப்பது வருஷமாகச் சூடாமணியோடு கைகோத்துக் கோவிலுக்குப் போகிறவள்தானே, என்ன வந்துவிடப் போகிறது என்று இருந்துவிட்டார்.

அந்த டப்பா தங்கியது. சுருளில் பெயர்கள் ஏறின. உள்ளே ஒரு வெளிநாட்டு நாணயம் சேர்ந்தது, சிவப்பு ரிப்பன் துண்டு சேர்ந்தது, விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழந்தைப் பொம்மையும் சேர்ந்தது. மழைக்காலத்தில், காகிதம் நனைந்திருக்கிறது என்று யாரோ எழுதினார்கள். பட்டாபிக்கு அப்போது பொல்லாத காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை.

"கோவில்லேந்து வரச்சே அந்தச் சுருளை ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சுட்டு வந்துடேன்," என்று சூடாமணியைக் கெஞ்சினார்.

"உங்களுக்கு வேற வேலையில்லை," என்றாள். ஆனால் செய்தாள். அவள் அப்படித்தான். அந்தி நேரத்தில், கையில் பிரசாதத்தோடு, சந்தில் இருபக்கமும் பார்த்துவிட்டு, அடுத்த வீட்டு மதிலுக்குள் கையை விட்டாள். மாடி ஜன்னலில் லலிதாம்பாள் நின்றிருந்தாள். அப்போது அவள் ஒன்றும் நினைக்கவில்லை.

சில நாளில் லலிதாம்பாளின் மருமகள் ஜானவிக்கு, ஐந்து மாதம் சுமந்தது கலைந்து போயிற்று.

அந்தத் துக்கத்தில் உட்கார்ந்து யோசித்த லலிதாம்பாளுக்கு ஜன்னல் வழியே கண்டது ஞாபகம் வந்தது. போய்ப் பொந்தில் கையை விட்டாள். வெளியே வந்தது என்ன? கறுப்புச் சுற்றின டப்பா. அதற்குள் பெயர்கள், எண்கள், காசு, சிவப்புத் துணி, ஒரு குழந்தைப் பொம்மை. இந்த ஊரில் அதற்குப் பெயர் கூடோத்ரம். ஆகாதவர்கள் குடும்பத்தைக் கெடுக்க மந்திரித்து மதிலிலும் வாசலிலும் புதைத்து வைக்கிற ஏவல். நீங்களும் நானும் அந்த நேரத்தில் அங்கே நின்றிருந்தால் வேறு என்ன நினைத்திருப்போம்? ஏவல் எடுக்கிற ஆளை வரவழைத்து, டப்பாவை எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டாள்.

பட்டாபி பொந்தைப் போய்ப் பார்த்தபோது அதைச் சிமெண்டால் அடைத்துக் குங்குமம் அப்பியிருந்தது. இதுவும் போச்சா என்று வயிறெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். அங்கே சூடாமணி சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"இனிமே என்னைக் கோவிலுக்குக் கூப்பிட வராதேன்னுட்டா லலிதா மாமி. உனக்கு இல்லேன்னு என் ஆத்துக் குழந்தையையும் தின்னுட்டியேன்னு கேக்கறா. நடுத் தெருவில நின்னுண்டு."

டப்பா போன வருத்தமெல்லாம் பட்டாபிக்கு எங்கே போயிற்றோ. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார்.

லலிதாம்பாள் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"அது என்னோட டப்பாவாக்கும் மாமி. வெறும் விளையாட்டு. சூடாமணிக்கு ஒண்ணும் தெரியாது, நான்தான் அனுப்பினேன். இதோ பாருங்கோ." போனில் மேப்பை விரித்துக் காட்டினார்.

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இது எங்காம்தானே? எங்காத்து மேல என்ன புள்ளி?"

"டப்பா இருக்கற எடம் மாமி. உலகத்தில யார் வேணும்னாலும் பாத்து வரலாம்."

"கண்டவாளும் எங்காத்து மதிலைத் தேடிண்டு வந்து பேரெழுதி வச்சுட்டுப் போயிருக்காளா? ஏன், உங்காத்து மதில்ல எடமில்லையா?"

தன் வீட்டு மதிலில் வைத்தால் தேடி வருகிறவர்களுக்குக் கண்டுபிடிப்பது சுலபமாகி, விளையாட்டே கெட்டுவிடும் என்பதுதான் பதில். அதை எப்படிச் சொல்வது?

"அந்தக் குழந்தைப் பொம்மை யார் வச்சா?"

"எனக்கே தெரியாது மாமி. யாரோ வச்சுட்டுப் போனது."

"தெரியாது," என்றாள் லலிதாம்பாள். "பொண்டாட்டியைக் காப்பாத்தப் பாக்கறேள். நல்ல புருஷன்தான். போயிட்டு வாங்கோ."

சந்து முனையைத் தாண்டும்போது அவள் மகன் கிரிஷ் பைக்கில் பின்னாலேயே வந்து நிறுத்தினான். டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிற பையன்.

"மாமா, எனக்குத் தெரியும். அந்தச் சுருள்ல வெப்சைட் பேர் இருந்தது, தேடிப் பாத்துட்டேன். வெறும் கேம்."

பட்டாபிக்கு உயிர் வந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "பின்னே அம்மாகிட்டச் சொல்லேண்டா, கொழந்தே."

கிரிஷ் ஹெல்மெட்டைக் கழற்றி டாங்கின் மேல் வைத்தான். "டாக்டர் காரணம் ஒண்ணுமில்லை, சிலபோது இப்படி ஆகும்னார். காரணமே இல்லைன்னா அம்மாவுக்கு ஆறலை மாமா. ஸ்கூட்டர் ஓட்டினே, ஆபீஸ் போனே, நீயேதான் கலைச்சேன்னு ஜானவியைப் பிடிச்சுண்டா. அவ சாப்பிடலை, பேசலை. ஒருநாள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் மேல ஏறி உக்காந்திருந்தா. நான்தான் இறக்கிக் கூட்டிண்டு வந்தேன். இந்த டப்பா கெடைச்சப்பறம்தான் அம்மா அவளைக் கட்டிண்டு அழுதா. உன் மேல தப்பில்லைடின்னா. இப்போ ஊட்டி விடறா. இது கேம்னு நான் நிரூபிச்சுட்டா, நாளைக்குப் பழையபடி ஜானவி தலையிலதான் விழும். கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும் மாமா. உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன்."

என்ன சொல்வார்? மாட்டேன் என்று சொல்ல வாய் வருமா? சரி என்று சொல்லத்தான் வருமா? அவர் தலையை ஆட்டினார். ஆமென்று ஆட்டினாரா, இல்லையென்று ஆட்டினாரா என்று அவருக்கே தெரியாது. பையன் அதை ஆமென்று எடுத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினான்.

வீட்டில் சூடாமணி முகம் கழுவிவிட்டு அவரைக்காயும் கத்தியுமாக உட்கார்ந்திருந்தாள். "என்ன சொன்னா?"

பொய் சொல்லிப் பார்க்கலாம் என்று வழியெல்லாம் நினைத்து வந்தார். அவளிடம் அவருக்கு அது வராது. மொட்டைமாடி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார்.

"ஐயோ, ஜானவி," என்றாள் சூடாமணி. கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

"கிரிஷ் சொல்றதும் செரிதான். விடுங்கோ. அந்தப் பொண்ணு பொழைக்கட்டும்."

"கொஞ்ச நாள்தான் சூடா. அப்பறம் அவனே சொல்லிடுவான்."

"எப்போ சொல்லுவான்?"

"ஜானவி கொஞ்சம் தேறட்டும். இன்னொண்ணு தங்கி, நல்லபடியாப் பொறந்துடுத்துன்னா எல்லாம் மறந்துடும்."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். இல்லை.

"பொறந்துடுத்துன்னா என்ன சொல்லுவா லலிதா மாமி? அந்தச் சூடாமணியை ஒதுக்கி வச்சப்பறம்தான் குழந்தை தங்கித்துன்னு சொல்லுவா. ஊர் பூரா சொல்லுவா. அதுக்கப்பறம் யார் வந்து என்ன சொல்லி என்ன?" நறுக்கியதை வாணலியில் தள்ளினாள். "பொறக்கணும்னு நானும்தான் வேண்டிக்கறேன். வேண்டிக்காம இருக்க முடியுமா, சொல்லுங்கோ."