சனிக்கிழமைக் கதை நேரமும் மற்ற சத்தங்களும்

நூலகத்தில் நிகழ்ச்சி நடத்துவது என்றால் முதலில் நாற்காலி தேடுவது என்று பொருள். கிளை நூலகங்களில் காலம் தள்ளிய சக நூலகர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள். மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வரும். குழந்தைகள், பெண்கள், இளைஞர்கள், முதியோர் என்று எல்லாருக்கும் மாதம் ஏதாவது ஒன்று நடத்துங்கள் என்று அதில் இருக்கும். அவர்களை எங்கே உட்கார வைப்பது என்பதை மட்டும் நம் கற்பனைக்கு விட்டிருப்பார்கள்.

தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த ஊர் சூலூரைத் தாண்டி, பல்லடம் போகிற வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. தினமும் சிங்காநல்லூரில் பஸ் ஏறுவேன். ஊரில் பாதி வீடுகளில் விசைத்தறி. நூலகம் ஒரு பழைய ஓட்டுக் கட்டடம். ஒரே ஒரு பெரிய அறை, முன்னால் சிமெண்ட் படி, பக்கத்திலேயே ஒரு தறிக்குடோன். நாற்காலி பத்தாத நாட்களில் எதிர்த்த டீக்கடையிலிருந்து பெஞ்சு வரும். பெஞ்சோடு அதில் உட்கார்ந்திருந்தவர்களும் வருவார்கள். எங்கள் வாசகர் வட்டம் வளர்ந்தது இப்படித்தான்.

ஊரின் பெயர் வேண்டாம். அங்கே இருப்பவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு என்னிடம் விளக்கம் கேட்டு வந்துவிடுவார்கள்.

காது கேட்காதவரின் நியாயம்

முதலில் ஆரம்பித்தது சனிக்கிழமை காலைக் கதை நேரம். அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. தறி ஓட்டும் அம்மாக்களுக்குப் பிள்ளைகளை எங்கே விடுவது என்று தெரியாது. நூலகத்தில் சும்மாவே உட்கார வைத்துக்கொள்கிறார்கள் என்ற செய்தி பரவியதும் நடப்பது, தவழ்வது, எல்லாம் வந்து சேர்ந்தன. கதை கேட்க வந்ததை விடத் தூங்க வந்தது அதிகம்.

விழித்திருந்த பிள்ளைகள் கத்தினார்கள். சண்டை ஒன்றும் இல்லை, அவர்கள் பேசுவதே அப்படித்தான். பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றிப் பழகியவர்கள். "சிங்கம் என்ன சொல்லுச்சு?" என்று நான் கேட்டால் பதில் தெருமுனை வரை போகும். பேப்பர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெரியவர்கள் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்கள்.

ஒருநாள் அவர்களில் ஒருவர், கதை நேரத்தை நிறுத்தச் சொல்லி மேலே மனுக் கொடுக்கப் போவதாகச் சொல்லி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார். ரங்கசாமி என்பவர் மட்டும் போட மறுத்துவிட்டார். அவர் ஒரு நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருட மெஷின் சத்தத்தில் காது அநேகமாகப் போயிருந்தது. ஏன் போடவில்லை என்று மற்றவர்கள் அவர் காதருகே குனிந்து கத்தினார்கள். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க பேசறது ஒண்ணும் எனக்குக் கேக்கறதில்லீங்க. இந்தப் பொடுசுக பேசறது மட்டுந்தான் கேக்குது. அதையும் நிறுத்திப்போட்டா நான் எங்கீங்க போறது?"

படியில் நின்றவர்

மனு மேலே போகவில்லை, கதை நேரம் தப்பித்தது. ஆனால் எனக்குக் கதை சொல்ல வராது. நான் சொன்னால் சிங்கமும் முயலும் ஒரே மாதிரிப் பேசும். அதனால் பால்வாடி டீச்சராக இருந்த எஸ்தரைக் கேட்டேன். எஸ்தர் ஊருக்குத் தெற்கே காலனியில் இருந்து வருபவள். அவள் அப்பாவும் அம்மாவும் ஊர்ப் பெரிய வீடுகளின் காடு தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். அவள் கதை சொன்னால், நரி வரும்போது அவள் மூக்கே நீண்டுவிட்டதுபோல இருக்கும். தூங்க வந்த பிள்ளைகள்கூட எழுந்து உட்கார்ந்தன.

அடுத்தடுத்த வாரங்களில் சில வீட்டுப் பிள்ளைகள் வரவில்லை. யாரும் காரணம் சொல்லவில்லை. கேட்டால், பிள்ளைக்குச் சளி என்றார்கள், வீட்டுக்கு ஒறம்பரை வந்திருக்கிறார்கள் என்றார்கள். சளியும் விருந்தாளிகளும் ஒரு மாதத்துக்கு மேல் அந்த ஊரை விட்டுப் போகவே இல்லை. கடைசியில் பக்கத்துத் தறிக்குடோன்காரரின் மனைவி என்னிடம் வந்து, மரியாதைக்கு ஒரு குறையும் வைக்காமல், "ஏனுங்க மேடம், நீங்களே சொல்லலாமில்லீங்களா? உங்க கதை நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றார். என் கதை நன்றாக இருந்தது என்று அந்த ஊரில் சொன்ன ஒரே மனுஷி அவர்தான். எஸ்தர்தான் சொல்லுவாங்க என்றேன். சரிங்க என்று போய்விட்டார்.

அவருடைய மகள் சுகன்யா அடுத்த சனிக்கிழமை வீட்டில் சொல்லாமல் ஓடி வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். கூப்பிட்டுப் போக அம்மா வந்தார். உள்ளே கதையில் நரி கிணற்றுக்குள் விழுந்து கிடந்தது. சுகன்யா வரமாட்டேன் என்று தலையாட்டினாள். அம்மா கீழ்ப்படியில் நின்றார், நரி மேலே வரும் வரைக்கும். மறுவாரம் மகளை அவரே கூட்டி வந்து விட்டுவிட்டு, போகாமல் அதே படியில் வெயிலில் நின்றார். உள்ளேயும் வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், பரவாயில்லீங்க என்றார். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. நீ ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிடு, வந்தாலும் வருவார் என்று எஸ்தரிடம் சொன்னேன். அவள் படியை ஒருமுறை பார்த்தாள். "நிக்கட்டும் விடுங்க மேடம். எங்கம்மா அவங்க ஊட்டு வாசல்ல இப்படித்தான் நின்னிருக்காங்க. நான் சத்தமாவே சொல்றேன், அங்க வரைக்கும் கேக்கும்."

தீர்ப்பு

நூலக வார விழாவுக்குப் பட்டிமன்றம் வைத்தோம். மக்களுக்குப் பெரிதும் பயன்படுவது புத்தகமா, தொலைக்காட்சியா என்பது தலைப்பு. நடுவர், எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த வெங்கடசாமி. வீட்டில் தெலுங்கு, மேடையில் தூய தமிழ், செக்கில் ஊர்ப் பேச்சு என்று மூன்றையும் தனித்தனியாக வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆரம்பித்தது. பேச வந்தவர்கள் எல்லாரும் நேரத்தைத் தாண்டிப் பேசினார்கள். சாயங்காலம் டிவியில் படம் போடும் நேரம் நெருங்கியது. நான் அதை யோசிக்கவே இல்லை.

முதலில் தொலைக்காட்சி அணியின் தலைவர் எழுந்து போனார். அவர் கொள்கைப்படி அது நியாயம் என்று விட்டுவிட்டோம். பிறகு புத்தக அணியில் ஒருவர் தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார், வரவில்லை. கூட்டம் பெஞ்சு பெஞ்சாகக் காலியானது. கடைசியில் நடுவரும் நானும் மட்டும் இருந்தோம். அவர் தொண்டையைக் கனைத்து, "எனவே, சான்றோர்களே" என்று ஆரம்பித்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அம்மணி, தீர்ப்பை நாளைக்கு போர்டுல எழுதி வெச்சிருங்க. எங்க ஊட்டுலயும் இந்நேரம் போட்டிருப்பாங்க. நானும் வாரனுங்க."

டாக்டரம்மா வந்த மதியம்

பெண்களுக்கு நிகழ்ச்சி வைப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. தறி ஓடுகிற வரை அவர்கள் வரமுடியாது. பராமரிப்பு வேலைக்காக மாதத்தில் ஒருநாள் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது. அந்த நாளைத்தான் பிடித்தேன். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாவைப் பெண்கள் உடல்நலம் பற்றிப் பேச அழைத்திருந்தேன். மின்விசிறி ஓடாத அறையில் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

கரண்ட் இல்லையென்றால் ஆண்களுக்கும் வேலை இல்லை என்பது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. பேப்பர் மேசை நிறைந்திருந்தது. இன்றைக்கு மட்டும் கொஞ்சம் வெளியே போகிறீர்களா என்று கேட்டேன். பொது நூலகம்தானே என்றார்கள். டாக்டரம்மா தயங்கினார். பெண்கள் தரையைப் பார்த்தார்கள். அப்போது தறி ஓட்டும் தனலட்சுமி அக்கா எழுந்து, தறிக்குடோன் குரலில், தனக்கு மாதவிலக்கின்போது என்னென்ன ஆகிறது என்று டாக்டரிடம் விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார். மேசையில் பேப்பர்கள் மடிகிற சத்தம் கேட்டது. ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள்.

ஒருவர் மட்டும் போகவில்லை. சுப்பிரமணி என்று பெயர், தறிகளுக்கு நூல் ஏற்றி வரும் வேனை ஓட்டுபவர். பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்திருந்தார். பேச்சு முடிந்ததும் பேப்பரை இறக்கிவிட்டு எழுந்து நின்றார். "எங்க ஊட்டுல அவங்களுக்கு ஒரு வருசமா உதிரப்போக்கு நிக்கவே மாட்டேங்குதுங்க. ஆசுபத்திரிக்குக் கூப்பிட்டா வெக்கமா இருக்குதுன்னு வரமாட்டேங்கறாங்க. ஆளே வெளுத்துப்போயிட்டாங்க. நான் வந்து சொன்னா மருந்து குடுப்பீங்களா?" என்று கேட்டார். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா பையை எடுத்துக்கொண்டு அவரோடு அப்போதே அவர் வீட்டுக்கு நடந்தார். அவருடைய மனைவி பேச்சியம்மாளை அன்றைக்கே கோவைக்கு அனுப்பினார்கள். கர்ப்பப்பையில் கட்டி. ரத்தம் ஏற்றித்தான் ஆபரேஷன் செய்தார்களாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டரம்மா பிறகு என்னிடம் சொன்னார்.

சில மாதம் கழித்துப் பேச்சியம்மாள் நூலகத்துக்கு வந்தார். அதுவரை அவரை நான் பார்த்ததில்லை. எந்த மேசையில் வைத்து அவர் வீட்டுக்காரர் பேசினார் என்று கேட்டார். காட்டினேன். அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் பெத்த தாயிகிட்டச் சொல்லாததைக்கூட இந்த மனுசன் இங்க நின்னு ஊருக்கே சொல்லிப்போட்டாருங்க. பொழச்சது அதனாலதான், இல்லைங்கல. ஆனா நான் இன்னும் அவருகூடப் பேசறதில்லீங்க."

நூல் அறிமுகம்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற இளைஞர்கள் சேர்ந்து மாதம் ஒரு நூலை அறிமுகப்படுத்துவது வழக்கம். அந்த மாதம் கவிதாவின் முறை. பி.எஸ்ஸி. முடித்துவிட்டு அரசு வேலைக்குப் படித்துக்கொண்டிருந்த பெண். நிலத்தடி நீரைப் பற்றிய ஒரு புத்தகத்தை எடுத்திருந்தாள். வழக்கமாக அவளுடைய நண்பர்களும் பெஞ்சுக்காரர்களும்தான் இருப்பார்கள். அன்றைக்குப் பட்டுச்சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு சில புதுமுகங்கள் வந்தார்கள். கூடவே மடிப்புக் கலையாத வேட்டியில் ஒரு பெரியவரும், சட்டைப்பையில் பேனா வைத்த ஒரு இளைஞரும். நூலகத்தின் புகழ் வெளியூருக்கும் பரவிவிட்டது என்று நினைத்து அவர்களை முன்வரிசையில் உட்கார வைத்தேன்.

கவிதா நன்றாகப் பேசினாள். ஆளாளுக்கு ஆழமாகப் போர் போட்டுக்கொண்டே போனால் பக்கத்துக் காட்டுக் கிணறும் வற்றும், கடைசியில் நம் கிணறும் வற்றும் என்றாள். வேட்டிக்காரர் நெளிந்தார். அவர் போன வாரம்தான் தன் தோட்டத்தில் இன்னொரு போர் போட்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. தேர்வு முடியும் வரை பெண் பார்க்க வருபவர்கள் முன்னால் உட்கார மாட்டேன் என்று கவிதா அடம்பிடித்ததால், அவள் அப்பாவே மாப்பிள்ளை வீட்டாருக்கு நூலகத்துக்கு வழி சொல்லி அனுப்பியிருந்தார் என்பதும் பிறகுதான் தெரிந்தது. கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணு நல்லாத்தான் பேசுதுங்க. அதுதான் யோசனையா இருக்குதுங்க" என்றார். அந்த வீட்டிலிருந்து பிறகு எந்தத் தகவலும் வரவில்லை.

விஷயம் தெரிந்ததும் கவிதா அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவர் என்னிடம் வந்து, கதைப் புத்தகமாகப் பார்த்துக் கொடுத்திருக்கலாமே என்று குறைப்பட்டார். பிற்காலத்தில் அவள் தேர்வு எழுதி, தாலுகா ஆபீஸில் வேலை கிடைத்து, தானே பார்த்துச் சரியென்று சொன்ன ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அதெல்லாம் மெதுவாக நடந்தது. அந்த வாரம் அவள் என் மேசை முன்னால் வந்து நின்றபோது கண் சிவந்திருந்தது. அழப்போகிறாள் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை. "அடுத்த மாசமும் எனக்கே குடுங்க மேடம். அப்பா இன்னொரு வரன் பார்த்திருக்காராம். இன்னும் கொஞ்சம் நீளமாப் பேசறேன்."

அந்த ஊரில் எத்தனை பேர் முழுதாக ஒரு புத்தகம் படித்தார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் நூலகத்துக்கு வந்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போனவர் என்று ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.