நானே கட்டிய இன்ஜின்

என் பழைய ஜீப்புக்கு டர்போ போட்டு, அதன் குதிரைத் திறனை இரண்டு மடங்காக்க முடிவு செய்தபோது, எனக்குத் தெரிந்த மெக்கானிக் வேலை மிக்சி மூடியைக் கழற்றுவது மட்டும்தான்.

"எங்கிட்ட வுடுங்க மாமா, நான் கட்டித் தரேன்" என்று கெஞ்சினான் கள்ளக்குறிச்சியில் பட்டறை வைத்திருக்கும் மச்சான். நான் கேட்கவில்லை.

"கல்வராயன் மலைமேல இருக்குற வெள்ளிமலைக்கு ஏறலன்னா வண்டி பழைய இரும்புக் கடைக்குத்தான்" என்று மனைவி தீர்ப்பு சொன்னாள்.

வாசலில் மக்காச்சோளம் அடிக்கும் தூசுக்கு நடுவே, போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கட்டி முடித்தேன். சமதரையில் நன்றாகத்தான் ஓடியது. மலை ஏற்றத்தில் எல்லாக் குதிரைகளும் படுத்துவிட்டன. ஒரே கரும்புகை. பின்னால் மினி லாரியில் வந்த மச்சான், "கயிறு எத்தாந்திருக்கேன் மாமா, கட்டி இஸ்துக்கினு போலாமா?" என்று சிரித்தான்.

சட்டென்று எனக்குப் பொறி தட்டியது. இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயைக் கழற்றி உள்ளே கையை விட்டேன். சோளத் தூசு போகாமலிருக்க நான் அடைத்து மறந்த லுங்கித் துண்டு வந்தது.

"இதக் காணோம்னுதான என்னத் திட்னீங்க?" என்றாள் வண்டியில் கூட வந்திருந்த மனைவி.

மறுபடி கிளப்பினேன். சீறிய ஜீப் வெள்ளிமலையில்தான் நின்றது. வெகுநேரம் கழித்து வந்த மச்சான், "எப்டி மாமா ஒடனே கண்டுபுடிச்சீங்க?" என்றான்.

அவன் கட்டியிருந்தால் வண்டி வழியில் நின்றே இருக்காது. ஆனால் இந்த இன்ஜினைக் கட்டிய முட்டாள் எங்கெங்கே கோட்டை விடுவான் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்!