பட்டி பார்த்த பால்கனி

புதுப்பித்த ஃபிளாட் என்றார்கள். ஒயிட் டவுனில் ஒரு பழைய பங்களாவை நாலாகக் கூறு போட்டதில், மாடியில் ஒரு பங்கு. நாங்கள் மூலக்குளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். மகள் தினமும் பஸ்களுக்கு நடுவே சைக்கிளில் டவுனுக்குப் பள்ளிக்கூடம் போவதை நினைத்தே பாதி செத்தவள் நான். பள்ளிக்கு நடந்தே போகிற தூரத்தில் வீடு என்றதும், சாயங்காலம் பள்ளி விட்ட கையோடு அவளையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். அவள் பத்திரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"பொன்ழூர் மேடம்" என்றார் தரகர். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு அதோடு தீர்ந்தது.

ஆளுயர ஜன்னல் ஒன்றின் நடுவே புதுச் சுவர் எழுப்பியிருந்தார்கள். ஜன்னலின் ஒரு கதவு ஹாலில் திறந்தது, இன்னொன்று கக்கூஸில்.

"ரெண்டு பக்கமும் காத்து வரும்ல" என்றார்.

சமையலறையில், "மீன் மட்டும் வறுக்காதீங்க மேடம். பக்கத்துல எல்லாம் வீக்எண்டுக்கு வர்றவங்க, வாசனை ஆவாது" என்றார். கடல் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது.

"அப்ப ரோட்ல ஒக்காந்து வறுக்கலாமா அங்கிள்?" என்றாள் மகள்.

"பாப்பாவுக்கு வாய் ஜாஸ்தி" என்று சிரித்தார்.

கடைசியாகப் பால்கனிக்கு அழைத்துப் போனார். பூ வேலை செய்த இரும்புக் கம்பி, பளீரென்று வெள்ளை பெயின்ட்.

"ஒரிஜினல். பிரெஞ்சுக்காரன் காலத்துது. சாஞ்சு நில்லு பாப்பா, ஒரு போட்டோ எடுக்கறேன்."

இந்த ஊரில் சுவருக்கு மஞ்சள் அடித்துவிட்டால் பாரம்பரியம். யாராவது அதில் சாய்ந்துவிட்டால் போட்டோ. நானும் யோக்கியம் இல்லை. "தலைய சரி பண்ணிக்கடி" என்றேன்.

சிரித்தாள். சாய்ந்தாள். அவர் ஃபோன் கிளிக் என்றது. கம்பி வெளிப்பக்கமாகப் போயிற்று.

அவள் பள்ளிப் பையின் தோள்வார் என் கைக்கு எட்டியது, பிடித்து இழுத்துவிட்டேன். எட்டியிருக்காவிட்டால் என்கிற நினைப்பை இன்றுவரை நான் முடித்ததில்லை.

கம்பி தெருவில் விழுந்து கிடந்தது. பால்கனியில் அது நின்ற இடத்தைப் பார்த்தேன். உப்புக் காற்று தின்றுபோட்ட இரும்பை மாற்றாமல், சுவர் ஓட்டைக்கு அப்புகிற பட்டியை அப்பி, தேய்த்து, மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். என் மகள் சாய்ந்தது அந்த வெள்ளை மாவின் மேல்.

தரகர் எட்டிப் பார்த்தார். "நல்லவேளை, கீழ யாரும் இல்ல. ஒண்ணுமில்ல மேடம், பட்டி பாத்து ஒரு கோட் அடிச்சா தெரியவே தெரியாது."

போன வாரம் அந்த ஃபிளாட்டின் விளம்பரம் என் ஃபோனுக்கே வந்தது. பால்கனியில் என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். படத்தை எடுத்துவிடச் சொல்லித் தரகரைக் கூப்பிட்டேன்.

"ஏன் மேடம், சூப்பரா வந்திருக்கு. அதப் பாத்துதான் நெறைய பேரு கேக்கறாங்க."

கத்தினேன். முகத்தை மட்டும் வெட்டிவிட்டார். இப்போதும் படத்தில் கம்பி இருக்கிறது, அதன்மேல் ஒரு கை, மணிக்கட்டில் நான் கட்டிய கறுப்புக் கயிறு.

அவள் சைக்கிளில்தான் போகிறாள். பஸ்களைப் பார்த்து இப்போது எனக்கு அவ்வளவு பயமில்லை. அவை ஹாரனாவது அடிக்கின்றன.